தெளிந்த தண்ணீரோடு பட்டணம் போன பயணம்

ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டு போவது எப்படி என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். போய் அவதிப்பட்டவன் நான், அதனால் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள்.

எழுபத்து நாலாம் வருடம், ஆடி மாதம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையின் கழிவு, எங்கள் ஊருக்கு மேலே ஆற்றில் விழுந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த சம்பா நாற்று இரண்டு தடவை கருகிவிட்டது. மூன்றாவது விதைப்புக்கு ஒரே மூட்டை விதைநெல்தான் மிச்சம். தாலுகா அதிகாரியோ, “தண்ணி கெட்டுப்போச்சுன்னு லேப்ல காயிதம் வாங்கியா, அன்னிக்கே கம்பெனி கழிவு வாய்க்கால அடைக்கிறேன்” என்றார்.

பட்டணத்துச் சோதனைச்சாலையில் இரண்டு கண்ணாடிப் பாட்டில் கொடுத்தார்கள். கழுத்துவரை நிரப்ப வேண்டும், ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும். புறப்படும் அன்று நான் சைக்கிள் இரவல் வாங்கப் போய்த் திரும்புவதற்குள், அண்ணி பாட்டில்களை நிரப்பி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

பொன்னேரி ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து பட்டணம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பாசஞ்சர் வண்டி மீஞ்சூரில் முக்கால் மணி நேரம் படுத்துக்கொண்டது. ஐஸுக்கு, வண்டியில் கூடையோடு வந்த பழவேற்காட்டு மீன்காரம்மாவிடம் கெஞ்சினேன்.

“இன்னா நைனா, சாக்குல சாராயமா?”

“ஆத்துத் தண்ணிம்மா. டெஸ்ட்டுக்கு எட்துகினு போறேன்.”

“நாறத் தண்ணிக்கு ஐஸு கேக்குதா? எம் மீனுக்கே பத்தல!” என்று திட்டிக்கொண்டே இரண்டு கை அள்ளிப் போட்டார்.

சோதனைச்சாலையில் இருந்தவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இன்னாயா, பன்னீர் மாரி கீது?”

நானும் எட்டிப் பார்த்தேன். “நேத்துகூட கறுப்பா ஓடிச்சு சார்.”

“ஆறு எப்டி ஓடிச்சோ எனக்குத் தெரியாது. பாட்டில்ல கீறதுதான் எனக்குக் கணக்கு.”

பாசனத்துக்கு ஆகும் என்று காகிதம் வந்தது, நகல் தாலுகா ஆபீசுக்கும் போனது. ஆத்திரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

“அண்ணி, எங்க மொண்டீங்க?”

“ஆத்துலதான் தம்பி. ராவே மொண்டு, வேட்டிய ரெண்டா மடிச்சு வடிகட்டி, பானைல தேத்தாங்கொட்ட ஒரசி வெச்சேன். காலைல வண்டலெல்லாம் அடில நின்னுபோச்சு, மேல கீறதத்தான் ரொப்பினேன்.”

“அழுக்கத்தானே அண்ணி அவங்க பாக்கணும்!”

“அதுக்குன்னு? ஆபீசர் கைல குடுக்கிற தண்ணிய வண்டலோட குட்த்தா, நம்ம ஊட்டப் பத்தி இன்னா நெனப்பாரு?”

எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் வெளியாளுக்குத் தண்ணீரை அப்படித்தான் கொடுப்பார்கள். அவரை என்னவென்று திட்டுவது?

மறுபடி அதே பாசஞ்சர், அதே மீஞ்சூர். இந்தத் தடவை நானே ஆற்றில் இறங்கி மொண்டேன். கால் இரண்டு நாள் அரித்தது. தண்ணீர் கெட்டது என்று காகிதம் வந்தது. தாலுகா அதிகாரி இரண்டையும் மேசையில் போட்டார்.

“ஒரே ஆறு, ரெண்டு காயிதம். கம்பெனிக்காரன் மொதக் காயிதத்தக் காட்டறான். நான் எத நம்பறது?”

“அது எங்க அண்ணி வடிகட்டினது சார்!”

“அப்ப தெனம் அவங்களையே வடிகட்டி வயலுக்கு உடச் சொல்லு.”

ஆபீசே சிரித்தது. வாய்க்கால் அடைபடவில்லை. மூன்றாவது விதைப்பும் நடக்கவில்லை. கார்த்திகையில் அந்த விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்றோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் மொள்ளச் சொல்லாதீர்கள், நீங்களே ஆற்றில் இறங்குங்கள். முடிந்தால் அதிகாரியைக் கரைக்கே கூட்டிவந்து, அவர் கண்ணெதிரே பாட்டிலை மூடுங்கள். முதல் காகிதம் தப்பாகப் போனால் இரண்டாவதை எவனும் மதிக்க மாட்டான். தண்ணீர் நாறுகிறதே என்று கூச்சப்படவும் வேண்டாம். அந்த அழுக்கு நம் வீட்டிலிருந்து போனதல்ல.