நூற்றெண்பது வட்டில்

அப்பா இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பெயர் பூதிலர். கலிங்கத்துத் தோசலிச் சிறையில் நாழிகைக் கணக்கர். அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை.

அசோகர் முடிசூடிய எட்டாம் ஆண்டு கலிங்கத்தின் மீது படை வந்தது. அப்பாவின் அண்ணன் வீடு திரும்பவில்லை. பிற்பாடு அரசர் வருந்தினாராம். எங்கள் ஊர்ப் பாறையில் அவருடைய மற்ற ஆணைகளை வெட்டியவர்கள் அந்த வருத்தத்தை மட்டும் வெட்டவில்லை. அரசரைப் பற்றி அப்பா பேசுவதே இல்லை.

இருபத்தாறாம் ஆண்டு ஓர் ஆணை வந்தது. மரண தண்டனை பெற்றவருக்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் உறவினர் முறையிடலாம்.

அந்த மழைக்காலத்தில் உபகன் என்ற படகோட்டிக்குத் தண்டனை விதித்தார்கள். படகில் ஏறிய வணிகரைக் கொன்றானாம். அவர் கப்பலேறத் துறைமுகம் போய்விட்டார் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் மனைவி சாமா வணிகரைத் தேடித் துறைமுகத்துக்கு ஓடினாள்.

தீர்ப்பு நண்பகலில். அங்கிருந்து நூற்றெண்பது நாழிகை. துளையிட்ட செம்பு வட்டில் நீரில் ஒருமுறை மூழ்கினால் ஒரு நாழிகை. வட்டிலுக்குத் துளையிடுவது என் தொழில். அப்பாவும் நானும் மாறி மாறி எண்ணினோம்.

நூற்றுப்பத்தாவது வட்டிலின்போது சிறைத் தலைவர் தாரகர் வந்தார்.

"தீர்ப்பு சொன்ன நாளையும் சேத்தா இன்னிக்கு மூணாம் நாளு. சாயங்காலமே முடிச்சிடலாம், பூதிலரே."

"இன்னும் எழுபது வட்டில் கெடக்குங்க, ஐயா."

"உங்க அண்ணனக் கொன்னவரோட ஆணைக்கு நீரு இம்புட்டுக் காவலா?"

"உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்காரு. அதையும் நாம கெடுக்கணுமா?"

தாரகர் திரும்பிப் போனார்.

மறுநாளும் மேகம். பொழுதைச் சரிபார்க்க எங்கும் நிழல் விழவில்லை. நூற்றெழுபத்தாறாவது வட்டில் மூழ்கியபோது வாசலில் கூச்சல். சாமா ஒரு மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள்.

"நான் செத்துட்டேன்னு எவன்டா சொன்னது?" என்று கத்தினார் வணிகர்.

உபகன் வெளியே வந்து சேற்றிலேயே உட்கார்ந்தான். "எந்திரிய்யா, வேட்டிய யாரு தொவைக்கிறது?" என்று சாமா அழுதாள்.

மறுநாள் அந்த வட்டிலைப் புதியதோடு ஒப்பிட்டேன். துளையில் உப்புப் படிந்திருந்தது. அது முப்பது முறை மூழ்க முப்பத்தொரு நாழிகை பிடித்தது. சரியான கணக்கில், சாமா வருவதற்கு இரண்டு நாழிகை முன்பே கெடு முடிந்திருந்தது.

சொன்னேன். அப்பா முகம் வெளுத்தது. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"துளைய சரி பண்ணிடும்மா. தாரகர்கிட்ட நானே சொல்லிடறேன். மொதல்ல உபகனோட படகு ஆத்தத் தாண்டட்டும்."