வேலமரத்து மட்டை

சாஃப்ட்பால் என்ற விளையாட்டு எங்கள் கல்லூரிக்கு ஒரு மரப்பெட்டியில் வந்தது. எழுபதுகளின் தொடக்கம். பெட்டியில் ஒரு மட்டை, சில பந்துகள், கையுறைகள், ஒரு வழிகாட்டிப் புத்தகம். விளையாடத் தெரிந்தவர் யாரும் கூட வரவில்லை. எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதற்காக உடற்பயிற்சி ஆசிரியர் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பந்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத நான் அணிக்கு நிபுணன் ஆனது இப்படித்தான். பின்னாளில் அரசாங்கத்தில் எனக்குக் கிடைத்த பதவிகளும் ஏறக்குறைய இதே முறையில் வந்தவைதான்.

அணியில் பலமாக அடிக்கக் கூடியவன் என் வகுப்புத் தோழன். மொரப்பூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடியானவர் வீடு. அப்பா இல்லை, இருந்த நிலம் மழையை நம்பிய நிலம். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த விளையாட்டில் அவனுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

அவன் அடியில் ஒரு கோளாறு. களத்தில் ராகிக் கதிரைத் தடியால் அடிப்பதைப் போல மட்டையைத் தலைக்கு மேலிருந்து இறக்குவான். பந்து காலடியிலேயே மோதிப் படுத்துக்கொள்ளும். புத்தகம் வேறு சொன்னது. எடை பின்காலில் இருக்க வேண்டும். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். கை அதன் பின்னால்தான் வர வேண்டும். மட்டை தரைக்குச் சமமாகச் சுற்ற வேண்டும். தலை அசையக் கூடாது.

இதற்குள் கல்லூரி விழாவில் பந்தல் முளை அடிக்கப் போய் மட்டை பிளந்துவிட்டது. புது மட்டை கேட்டு எழுதினோம், வரவில்லை. வண்டி செய்யும் ஆசாரி ஒருவர் வேலமரத்தில் ஒன்று கடைந்து கொடுத்தார். நீளம் சரி, பருமன் சரி, கனம் மட்டும் இரட்டை.

பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டு அவன் வீட்டு வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். விடுமுறை நாளெல்லாம் அவன் அடிக்க, நான் பக்கத்தில் நின்று “இடுப்பு, இடுப்பு” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் அம்மா ஒருநாள் முறத்தோடு வந்து பார்த்தார்.

“அந்தப் பந்து உன்ன என்னடா பண்ணுச்சு? இந்த அடிய ராகி மேல அடிச்சாலும் களி திங்கலாம்.”

வேலமரத்து மட்டையின் கனத்தை நகர்த்த, எறிபவன் கையிலிருந்து பந்து கிளம்பும் முன்பே இடுப்பைத் திருப்பத் தொடங்க வேண்டும். அதையும் பழகினான். மழைக்காலம் முடிந்தபோது அவன் அடித்த பந்துகள் மைதானத்துச் சுவரைத் தாண்டி விழுந்தன.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு சேலத்தில் நடந்தது. எங்கள் மட்டையைத் தூக்கிப் பார்த்த தேர்வாளர், “இது மட்டையா, உலக்கையா?” என்று கேட்டு ஓரமாக வைத்தார். அவர்கள் கொடுத்தது அசல் மட்டை. கையில் வைத்திருப்பதே தெரியாத லேசு.

முதல் பந்துக்கு இடுப்பு திரும்பியது, கை வந்தது, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. பந்து மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்தவற்றில் மட்டை பட்டது. எல்லாம் இடப்பக்கம் கோட்டுக்கு வெளியே, கணக்கில் சேராமல் போயின. “பொறுடா” என்று கத்தினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் பழகிய உடம்பு அங்கே நின்று எப்படிப் பொறுக்கும்? கடைசிப் பந்துக்குத்தான் பொறுத்தான். அது மைதானத்து ஓரக் கொட்டகையின் கூரைக்கு மேலே போய் மறைந்தது. தேர்வாளர் அதற்குள் அடுத்தவனை அழைத்துவிட்டிருந்தார்.

இன்னும் இரண்டு பந்து போடச் சொல்லிக் கேட்டேன்.

“எல்லாருக்கும் ஒரே அளவுதான், தம்பி. இவருக்கு மட்டும் கூட்டினா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?”

நியாயமான பேச்சு. பிற்காலத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் பலரிடம் இதையே சொன்னேன். அவர்களும் என்னைப் போலவே திரும்பிப் போனார்கள்.

ரயிலில் அவன் அந்த வேலமரத்து மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மொரப்பூரில் இறங்கும்போது சொன்னான்: “நீ சொன்னது ஒண்ணும் தப்பில்லடா. கடைசிப் பந்துல தெரிஞ்சுது.” அடுத்த பருவத்துக்குக் கல்லூரிக்கு அவன் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவல் பயணமாக அதே நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். சரக்குக் கொட்டகையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மூட்டையை எடுத்து வண்டிக்குள் வீசிய விதத்தைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. எடை பின்காலில். இடுப்பு முதலில், கை பிறகு.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். அம்மா போய்விட்டார் என்றான். நிலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

“ரயில்வேலதாங்க இருக்கறேன், பாத்தீங்கல்ல” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி வருவதற்கு மணி அடித்தார்கள். அவன் கொட்டகைக்குத் திரும்பிப் போய் அடுத்த மூட்டையைக் கட்டிப் பிடித்தான். தூக்கி வீசும்போது தலை அசையவே இல்லை.