அம்மனிடம் வாங்கிய சம்மதக் கடிதம்

விதி 14, உட்பிரிவு 3 இப்படிச் சொல்கிறது: "தொடர்கல்விப் பயிற்சிக்கான விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால், ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கருதப்படும்." நல்ல விதி. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்: இவ்வளவு தெளிவாக எழுதிய எந்த விதியும் நடைமுறைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

விண்ணப்பம் என்னுடையதல்ல, எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுடையது. அவள் மனநல ஆலோசகர். பூந்தமல்லிப் பக்கம் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் வேலை. அவர்கள் தொழிலில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஆலோசகர் மன்றத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன விதியும் அந்த மன்றத்துடையதுதான். அதற்கு இத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயிற்சி நடத்தினாலும் கணக்கில் சேரும். அவளுக்கு ஆறு மணி நேரம் குறைந்தது. ஜூலை முப்பத்தொன்றோடு பதிவு காலாவதி. பதிவு இல்லாதவரை ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மையத்தின் நிர்வாகி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள் என்பது என் அனுபவம்.

எனவே ஆறு மணி நேரப் பயிற்சி ஒன்றை அவளே வடிவமைத்தாள். ஆலோசகர்களுக்கு நாட்டார் கதைகளையும் புராணங்களையும் சொல்லி, அவற்றின் வழியே அவர்கள் தங்கள் களைப்பைப் பற்றிப் பேச வைப்பது. நடுநாயகமாக ஒரு கதை. போன வருடம் ஆடிக் கூழ் குடிக்க மண்ணூர்பேட்டைக் கோயில் ஒன்றுக்குப் போனபோது கேட்டது. அவள் கத்தோலிக்கப் பெண். ஆனால் கூழ் ஊற்றுகிற இடத்தில் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

கதை சின்னது. ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை. தினமும் வயலுக்குக் கூழ் சுமந்து போய் ஏழு பேருக்கும் ஊற்றுவாள். ஒருவனும் அவளுக்கு மிச்சம் வைத்ததில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டதுமில்லை. ஒருநாள் நடுவழியில் பனைமர நிழலில் உட்கார்ந்து பானை முழுவதையும் அவளே குடித்துவிட்டாள். அண்ணன்கள் அடிக்க ஓடிவந்தபோது பானை மட்டும்தான் இருந்தது. அவள் புற்றுக்குள் போய் அம்மனாகிவிட்டாள். அன்று முதல் அந்தக் கோயிலில் கூழ் ஊற்றுகிறவள் முதலில் குடித்துவிட்டுத்தான் மற்றவருக்கு ஊற்ற வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். மாடியில் ஒரு படிவம் இருக்கிறது என்று தெரிந்தும் கீழே சும்மா இருக்க என்னால் முடியாது. ஒன்பதாவது கட்டம் கேட்டது: "பயன்படுத்தப்படும் பொருள்: நூல் / ஆய்வு / ஒருவரின் வாழ்க்கை வரலாறு." கதை எந்த நூலிலும் இல்லை. ஆய்வும் இல்லை. ஒரு கட்டத்தையும் காலியாக விடாத குலத்தில் வந்தவன் நான். மூன்றாவதில் டிக் அடித்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் மன்றத்திலிருந்து வினா வந்தது. சம்பந்தப்பட்ட நபரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை இணைக்கவும். நபர் காலமாகியிருந்தால் வாரிசின் சம்மதம். மேலும், அவருடைய அடையாளம் மறைக்கப்பட்டுள்ளதை உறுதிப்படுத்தவும்.

அந்தக் கோயில் வளைவில் அம்மன் பெயர் இரண்டடி எழுத்தில் இருக்கிறது. இரவானால் விளக்கும் எரியும்.

அவள் மன்றத்துக்குத் தொலைபேசியில் விளக்கினாள். அது மனுஷி இல்லை, தெய்வம் என்றாள். மறுமுனையில் இருந்தவர் அதையும் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். ஒன்பதாவது கட்டத்தைத் திருத்த வேண்டுமானால் புது விண்ணப்பம், புது வரிசை எண். பழைய விண்ணப்பங்கள் முடிந்த பிறகே அதை எடுப்பார்கள். ஜூலைக்குள் நடக்காது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஆலோசகர்கள் திட்டமாட்டார்கள், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார்கள். திட்டே தேவலை.

"சம்மதம் வாங்கிடலாம்" என்றேன்.

"யார்கிட்ட, அங்கிள்?"

"சம்பந்தப்பட்ட நபரிடம்தான்."

மண்ணூர்பேட்டைக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் எப்போதோ தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. அவரும் அங்கேயே கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் இல்லாத நேரம் பூசை. விஷயத்தைக் கேட்டு அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் வீட்டில் பெண் பார்ப்பது முதல் போர்வெல் போடுவது வரை அம்மன் உத்தரவில்லாமல் நடந்ததில்லை. தலையில் பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் இல்லை, விழாவிட்டால் கேட்ட விதம் சரியில்லை.

அம்மன் தலையில் ஒரு செவ்வரளியை வைத்துவிட்டு, கேளுங்கள் என்றார். நான் தட்டச்சு செய்து கொண்டுபோன தாளை எடுத்தேன். இரண்டு பிரதிகள். "பொருள்: வாழ்க்கை வரலாற்றைப் பயன்படுத்த சம்மதம் கோருதல். பார்வை: மன்றத்தின் கடிதம்..." என்று படிக்க ஆரம்பித்தேன்.

"இன்னா பெர்சு, அம்மனாண்டயே மெமோ நீட்டுற?" என்றார் அவர். "அவளுக்குப் புரியற மாதிரி கேளு."

முழுவதையும் படித்து முடித்தேன். பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கில்லை. பூ அசையவில்லை. பத்து நிமிடம் நின்றோம். வெளியே லாரிகள் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. அதற்கும் பூ விழவில்லை.

அப்போது என்னோடு வந்திருந்த மாடிப் பெண் செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு வந்து, எனக்கு முன்னால் நின்றாள்.

"நாங்க நாள் பூரா அடுத்தவங்க கஷ்டத்தையே கேக்கறோம்மா" என்றாள். "நீ சாப்பிட்டியான்னு எங்கள யாரும் கேக்கறதில்ல. நாங்களும் கேட்டுக்கறதில்ல. உன் கதைய சொன்னா நாலு பேராவது உக்காந்து சாப்பிடுவாங்க. சொல்லட்டுமா?"

பூ வலப்பக்கம் விழுந்தது. எனக்குத் தெய்வ நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனால் மனு தள்ளுபடியாவதும் ஏற்கப்படுவதும் எப்படி இருக்கும் என்று தெரியும்.

வாரிசு யார் என்ற கேள்வி பாக்கியிருந்தது. அதற்கும் பூசை செய்கிறவரிடமே பதில் இருந்தது.

"நாங்க மூத்த அண்ணன் வழி, சார். அவளுக்கு ஊத்தாம துன்ன கும்பல் எங்களுதுதான். அத்தொட்டுதான் இன்னிக்கும் பூசை பண்ணிக்கினு கீறோம்." சொல்லிவிட்டு ஆதார் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அங்கேயே குறிப்பு எழுதினேன். சம்மதம் பெற்ற முறை: பூ. திசை: வலம். முதல் முறை கோரியபோது பதில் இல்லை. காரணம், கோரியவரின் மொழிநடை. அடையாளம் மறைப்பது குறித்து: சம்பந்தப்பட்டவர் அதை விரும்புவதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஒப்புதல் பின்னால் வந்தாலும் செல்லும் என்று விதியில் இடமிருந்ததால், ஜூன் கடைசியில் அம்பத்தூரில் ஒரு கூடத்தில் பயிற்சியை நடத்திவிட்டாள். வருகைப் பதிவேடு என் பொறுப்பு. கதையைக் கேட்டு இரண்டு பேர் அழுதார்கள். மதியம்தான் சிக்கல். ஊற்றுகிறவர் முதலில் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்து, சாம்பார் வாளியோடு நின்ற கேட்டரிங் ஆளைப் பிடித்து இலைக்கு முன் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு ஆலோசகர்கள் தலையைச் சாய்த்து, கனிவாகப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் ஒரு கவளத்தை விழுங்க முடியாமல் விழுங்கினார். பிறகு என்னிடம் வந்து, "சாப்பாட்டுல எதுனா கம்ப்ளைண்டா சார்?" என்று கேட்டார்.

ஜூன் தொடக்கத்தில் அனுப்பிய அந்தத் தபாலுக்கு மன்றத்திடமிருந்து மறுபடி முப்பது நாள் பேச்சில்லை. விதி 14, உட்பிரிவு 3-ன்படி ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதினோம். ஆனால் புதுப்பிக்கும் இணையப் பக்கம் ஒப்புதல் எண்ணைக் கேட்டது. கருதப்படும் ஒப்புதலுக்கு எண் கிடையாது. நான் மூன்று நினைவூட்டல் எழுதினேன். அவள் பதிவு கேட்காத வேறு மையங்களுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தாள். மாடியில் அவள் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்பதாவது கட்டம் என் ஞாபகத்துக்கு வரும்.

ஆடி பிறந்ததும் கோயிலிலிருந்து ஆள் அனுப்பினார்கள். இந்த வருடம் கூழ் ஊற்றுகிறவர்களில் ஒருத்தியாக அவளும் நிற்க வேண்டுமாம். அம்மன் நேரில் பேசிய பெண்ணாயிற்றே. கூழ் ஊற்றும் நாளில் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். முன்னால் வரிசை சாலை வரை நீண்டிருந்தது. அவள் முதல் கரண்டியைத் தன் சொம்பில் ஊற்றி, ஒருவரையும் பார்க்காமல், அவசரமே இல்லாமல் குடித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஊற்றினாள். கை ஒழிந்து கைப்பேசியை எடுத்தவள், அதை என்னிடம் நீட்டினாள்.

ஒப்புதல் எண் இருந்தது. கீழே ஒரு குறிப்பு: "இதே நபரின் வரலாற்றை மீண்டும் பயன்படுத்தப் புதிய சம்மதம் தேவையில்லை. அவருடைய முகவரி மாறினால் மட்டும் தெரிவிக்கவும்."

பதில் வந்து சேர்ந்த நாள்: ஆடி இரண்டாம் வெள்ளி. பதிவு காலாவதியாக இன்னும் நான்கு நாள் இருந்தது.