சுடாத தார் ரோடு

அந்த வருடம் குருத்து ஞாயிறு பவனியில் செருப்பில்லாமல் நடந்தேன். சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குள்ளேகூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி வாசலில் செருப்பை எடுத்துப் போட்டாள்.

"பவனிக்குப் போயி செருப்பு போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்று காலால் ஒதுக்கிவிட்டுப் போனேன். தவக்காலம் முழுக்கக் கறி மீனைத் தொடாதவன், கடைசி வாரத்தில் காலுக்குச் சலுகை கேட்பதா என்று ஒரு வீம்பு.

பங்குச் சாமியார் வேறு ஊரில் பூசை முடித்துவிட்டு வந்து பவனி கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டை வெயில். கூட வந்தவர்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். நான் ஓசன்னா பாடியபடி நடு ரோட்டில் நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை.

அதை அருள் என்று நினைத்தேன். புதன்கிழமை எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லவும் செய்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மனைவி மட்டும் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் காலக் காட்டுங்க" என்றாள்.

"ஆண்டவரப் பத்திப் பேசுதேன், நீ காலப் பத்திப் பேசுத" என்று எரிந்து விழுந்தேன். காட்டவில்லை.

மறுநாள் பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமி பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். கழுவப் போகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எல்லோரும் கோவிலுக்கு வருவோம். தொப்பையால் எனக்குக் குனிய முடியாது. ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

சாமி முழங்காலிட்டு என் வலது காலைத் தூக்கினார். தண்ணீர் ஊற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா, இந்தப் புண்ணு எப்பம் வந்துது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் புண்ணு சாமி?" என்றேன்.

அவர் ஒற்றி எடுத்த வெள்ளைத் துண்டில் சீழும் ரத்தமும் இருந்தன. முகம் சுளிக்காமல் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

பெரிய வெள்ளியன்று ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாயிற்று என்றார் டாக்டர். உடல் ஆண்டவர் குடியிருக்கும் கோவில் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இப்போது காலைச் செபம் முடிந்ததும் தரையில் கண்ணாடியை வைத்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறேன். அலுப்பாக இருக்கிறது. செபமாவது சில நாள் இனிக்கும், இந்த வேலை ஒரு நாளும் இனித்ததில்லை. பிறகு மனைவி உட்கார்ந்து இடம் இடமாக அழுத்துவாள்.

"வலிக்கா?"

"இல்ல."

"இங்கன?"

"இல்ல."

ஆயுள் முழுக்க வலியை எடுத்துவிடும் என்று வேண்டியவன், இப்போது தினமும் வலியைத் தாரும் ஆண்டவரே என்று கேட்கிறேன். இடது காலுக்காவது.