ஏழு கப்பில் எழுதிய நாடு

வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீட்டுக்கு வந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. என் பெற்றோர் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து விருத்தாசலத்துக்கு வந்தவர்கள். எந்தக் காகிதத்தையும் பத்திரப்படுத்தத் தெரியாதவர்கள். ஒருநாள் யாராவது வந்து, நீ இந்த நாட்டு ஆள்தானா என்று கேட்டால் எதைக் காட்டுவது? அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். இந்தக் கேள்வியை விட்டுவிடுவேனா?

கிளை நூலகத்துக்குப் போனேன்.

"நாடுன்னா என்னான்னு சொல்ற புத்தகம் இருக்குதாங்க மேடம்?"

நூலகர் அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள். அதுவரை கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் வாங்கிப்போனவள். ஆனால் ஒன்றும் கேட்காமல் மூன்று தடித்த புத்தகங்களை எடுத்து வைத்தார்.

தினம் சில பக்கங்கள் படித்தேன். அடிக்குறிப்பை விட்டுவிட்டால் தப்பாகுமோ என்று அதையும் படித்தேன். மொழிதான் ஒரு நாட்டைச் சேர்த்துக் கட்டுகிறது என்றது முதல் புத்தகம். அப்படியானால் இத்தனை மொழி பேசும் நாம் எப்படி ஒன்றாக இருக்கிறோம் என்று கேட்டது இரண்டாவது. மூன்றாவதோ, பல இடங்களில் கோடு போட்டு எல்லை வகுத்த பிறகுதான் 'நாம்' என்ற எண்ணமே வந்தது என்றது. பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் அச்சிலேயே இப்படிச் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் படித்திருப்பேன்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்தச் சண்டையைப் பற்றி நூலகரிடம் சொன்னேன். அதுதான் வினையாகப் போனது.

"ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டம் இருக்குது. இதையே வந்து பேசுங்க. பத்து நிமிஷம்."

"ஐயோ, நானா? வாத்தியாருங்கல்லாம் வருவாங்களே!"

"வரட்டுமே. அவங்கள்ல யாரும் இந்த மூணையும் படிக்கல."

மாட்டேன் என்று சொல்லவும் பயம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு வேலை செராமிக் பட்டறையில். அச்சிலிருந்து எடுத்த ஈரமான டீ கப்புகளின் விளிம்பைச் சீவி, பஞ்சால் துடைத்துக் கொடுப்பேன். யோசனையெல்லாம் வேலை செய்யும்போதுதான் வரும்; வீட்டுக்குப் போனால் பறந்துவிடும். ஈரக் கையோடு காகிதத்தில் எழுதவும் முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒருமுறை சுட்டு, பளபளப்புப் பூசாமல் இருக்கும் கப்பை நாங்கள் பிஸ்கட் என்போம். பென்சில் அதில் நன்றாக எழுதும். வாய் கோணி ஒதுக்கிய ஏழு பிஸ்கட் கப்புகளில், கப்புக்கு ஒன்றாக என் பேச்சை எழுதினேன். சனிக்கிழமை எடுத்துப்போய் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று கணக்கு.

வியாழக்கிழமை கிளம்பும்போது, தூசி விழுந்து எழுத்து மங்கிவிடுமோ என்று கவலை வந்தது. ஏழையும் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.

எங்கள் பட்டறையில் கப்பைப் பலகையில் கவிழ்த்து வைத்தால், பூச்சுக்குத் தயார் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவளும் நான்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விசேஷம் என்று வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை சாயந்திரம், முந்தின நாள் பூச்சுப் பூசி ஏற்றிய சூளையைத் திறந்தார்கள். சூளை பார்க்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோணக் கப்பு ஏழு வந்திருக்குது. இதை யாரு பூச்சுக்கு வெச்சது?"

பால் போல வெள்ளையாக, கண்ணாடி போல மின்னிக்கொண்டு நின்றன ஏழும். சூளைச் சூட்டில் பென்சில் எழுத்து தங்காது. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

"அண்ணே, அதுல என் பேச்சு இருந்துது!"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கையுறை கீழே விழுந்தது. "நாடு மொத்தமும் எரிஞ்சு போச்சா? சரி வுடு. பேச்சு போனாலும் கப்பு இருக்குதே. எடுத்துட்டுப் போ, டீயாவது குடிப்பாங்க."

ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

நூலகத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். நான் மேசையில் ஏழு கப்பையும் வரிசையாக வைத்தேன். அவை ஒன்றோடொன்று முட்டி மணி அடித்தன. நடந்ததை அப்படியே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது.

முதல் கப்பைக் கையில் எடுத்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பது விரல் பட்டதும் நினைவுக்கு வந்தது. புத்தகங்களின் சண்டையை மூன்று கப்பில் சொன்னேன். நாட்டை நேசிப்பதும் பக்கத்து நாட்டை வெறுப்பதும் ஒன்றில்லை என்பது நாலாவது. கிரிக்கெட்டில் ஜெயித்த அன்று பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவர் இறங்கும் ஊர்கூட எனக்குத் தெரியாது என்பது ஐந்தாவது. ஆறாவதில் என் பயம்: "காகிதம் இல்லாதவங்களுக்கு நாடு இல்லாம போயிடுமா?"

ஏழாவதை எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். என் காது சூடாகிவிட்டது.

சரித்திர வாத்தியார்தான் பேசினார். "எங்க அப்பா பொறந்ததுக்கு எங்கிட்டயும் ஒரு காகிதம் கெடையாதும்மா. முப்பது வருஷம் 'நம் நாடு'ன்னு பாடம் நடத்தியிருக்கேன்."

"எனக்குப் பொறந்த தேதியே ஸ்கூல்ல வெச்சதுதாங்க" என்றார் பின்னாலிருந்த தபால்காரர்.

"எங்க வூட்டுப் பத்திரத்தைக் கரையான் தின்னுடுச்சு" என்றார் நூலகர் அம்மா.

அவ்வளவுதான். ஆளாளுக்கு இல்லாத காகிதத்தைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு கல்லூரிப் பெண், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் இப்படித்தானே இருப்பார்கள் என்றது. அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. அந்தத் தடித்த புத்தகங்கள் மூன்றும் எழுந்து உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. நடுவில் டீ வந்தது. என் கப்புகளில்தான் ஊற்றினார்கள்.

"இதை எந்தப் பக்கமாம்மா குடிக்கிறது?" என்றார் வாத்தியார். கேட்டு முடிப்பதற்குள் அவர் சட்டையும் கொஞ்சம் குடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கப்புகளைக் கழுவினேன். ஏழாவதைத் தேய்க்கும்போது, சோப்பு நுரைக்கு நடுவில், அதில் எழுதியிருந்தது சட்டென்று நினைவு வந்துவிட்டது. உரக்கச் சொல்லிவிட்டேன்.

"நன்றி, வணக்கம்!"

கூடத்தில் இருந்த வீட்டுக்காரர் பதறி எழுந்து வந்தார். "என்னாடி ஆச்சு? எங்க கெளம்புற?"