பைக்கற்றின் பின்பக்கம்

ஐம்பத்தெட்டு வயதுவரை கச்சானை, அதாவது நிலக்கடலையை, மடியில் கட்டிக்கொண்டு கொறித்துத் திரிந்தவன் நான். ஒருநாள் கச்சான் அல்வாவில் ஒரு துண்டு தின்று பத்து நிமிடத்தில் உதடு இரண்டும் பணியாரமாக வீங்கித் தொண்டை அடைத்துவிட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டொக்டர் பிள்ளை, "ஐயா, இனிக் கச்சான் வாயில படக்கூடாது. கடையில என்ன வாங்கினாலும் பைக்கற்றின்ர பின்பக்கத்தை வாசிச்சுப்போட்டுத்தான் சாப்பிடவேணும்" என்றார். அதுவரை நான் பைக்கற்றில் பார்த்தது முன்பக்கத்துப் படத்தை மட்டும்தான்.

அப்போது வீட்டில் நான் தனி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் என்று சொல்லி மனைவி கனடா போயிருந்தாள். பேரனுக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், முளைத்தது. நடக்கட்டும் என்றாள். இப்போது அவன் ஓடுகிறான்.

எங்கள் ஊர் முரசுமோட்டையில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள். பிஸ்கட்டைப் பைக்கற்றோடு நீட்டுவதும் மரியாதை இல்லை. தட்டில் வட்டமாக அடுக்கித் தேத்தண்ணியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பைக்கற் குசினிக்குப் பின்னால் குப்பைக் கிடங்குக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா அப்படி வைத்தபோது, "அக்கா, இதின்ர பைக்கற்றை ஒருக்காத் தாங்கோவன்" என்று கேட்டுவிட்டேன்.

அக்காவின் முகம் கறுத்தது. "ஏன் தம்பி, திகதி முடிஞ்ச சாமானையே நான் உங்களுக்கு வைப்பன்?"

அவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நானே எழுந்துபோய்க் கிடங்கில் குனிந்து தேடினேன். முதலில் கோபம் வந்தது அந்த வீட்டு நாய்க்கு. பிறகு அக்காவுக்கு. ஒரு கிழமைக்குள், குப்பை கிளறித் திகதி பார்க்கிற மனுசன் என்று ஊரில் எனக்குப் பெயர். அதன்பின் போன வீடுகளில் எல்லாம் வெறும் தேத்தண்ணிதான் வந்தது. ஒரு தேத்தண்ணியை எவ்வளவு நேரம்தான் குடிப்பது? மெல்ல மெல்லப் போவதையே விட்டுவிட்டேன்.

பைக்கற்றின் சின்ன எழுத்து என் கண்ணுக்கு எறும்பு நிரை. அதனால் படமெடுத்து மனைவிக்கு அனுப்பத் தொடங்கினேன். இங்கே மாலை ஆறரை என்றால் அங்கே காலை. அவள் படத்தை விரலால் பெருப்பித்து வாசித்து, "சாப்பிடலாம்", "தொடாதேங்கோ" என்று தீர்ப்புச் சொல்வாள். நானும் அப்படிப் பெருப்பித்துப் பார்க்கலாம் என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முன்பு எங்கள் தொலைபேசிக் கதை, "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "வேறென்ன?" "ஒண்டுமில்லை" என்பதோடு முடிந்துவிடும். பைக்கற் வந்தபின் அரைமணி நேரம் கதைத்தோம். கோதுமை மாவில் தொடங்கினால் பேரன், பனி, எங்கள் கிணற்றடி மாமரம் என்று எங்கெங்கோ போய் வருவோம். கல்யாணம் கட்டி முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு கதைத்ததில்லை.

வவுனியாவுக்குப் போய்க் கண்ணாடி எடுக்கச் சொல்லிக் கரைச்சல் தந்ததும் அவள்தான். எடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரின் மருந்துச் சீட்டுவரை வாசித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பினேன். ஓர் எழுத்துத் தப்பவில்லை. பெருமையோடு போனைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். இதைச் சொன்னால் நாளைக்கு ஆறரைக்கு எதைக் கேட்பது?

"கண்ணாடி இன்னும் கைக்கு வந்து சேரேல்லை" என்று சொன்னேன்.

நாலு மாதம் அந்தப் பொய் ஓடியது. ஒற்றை மனிதன் எத்தனை பைக்கற்தான் வாங்குவான்? பைக்கற் தட்டுப்பாடான ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தூளையே படமெடுத்து அனுப்பினேன்.

"இதையும் சாப்பிடப்போறியளோ?"

"இல்லையப்பா, கையில படுமெல்லோ."

போன கிழமை ஒரு கிறீம் பிஸ்கட்டை அனுப்பினேன். வழக்கமான தீர்ப்பு வரவில்லை.

"இஞ்சருங்கோ, பைக்கற்றுக்குப் பக்கத்தில கிடக்கிறது ஆற்ற கண்ணாடி?"

படத்தின் மூலையில் என் கண்ணாடி கால் நீட்டிக் கிடந்தது.

"அது... பக்கத்து வீட்டுக்காரர் வச்சிட்டுப் போட்டார்."

"நல்ல கதை! உங்கட வீட்டுக்கு இப்ப ஆர் வருகினம், கண்ணாடி வச்சிட்டுப் போக?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தப் பக்கத்தில் பேரன் எதையோ தள்ளி விழுத்திய சத்தம் கேட்டது. பகிடியாக ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். ஆயுளில் முதல்தடவை ஒரு பகிடியும் வரவில்லை.

"ஒருத்தரும் வாறேல்லை" என்றேன்.

"சரி, வாசிக்கிறன். கேளுங்கோ" என்றாள்.

வழக்கம்போல் தீர்ப்போடு நிறுத்தவில்லை. கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய் என்று தொடங்கி, நிறமூட்டியின் இலக்கத்தையும் விடாமல், ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லும் கடைசி வரிவரை ஆறுதலாக வாசித்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக்கற்றில் விரல் வைத்து அவளோடு கூடவே போனேன்.

"கச்சான் கலந்திருக்கலாமாம். தொடாதேங்கோ."

"சரி."

"நாளைக்கு என்ன அனுப்புவியள்?"

குசினியைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் அனுப்பாதது உப்புப் பைக்கற் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.