பாஞ்சாலை சொன்ன சாட்சி

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளில்லை பாஞ்சாலை. அரிசிக் கடையில் படி அளந்தால் அரிசியைப் பார்க்க மாட்டாள், கடைக்காரனின் கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். கோயிலில் சுண்டல் கொடுத்தால், பூசாரியின் தங்கைக்கு எத்தனை கை விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தன் இலையைப் பிரிப்பாள்.

ஆரணியில் அவள் செய்த வேலை அப்படிப்பட்டது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், அதன் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தவறினாலும் புடவை காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலைக்காக வீடு வீடாகப் போனவளுக்கு, எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் அத்துப்படி. அதனால் தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால், "பாஞ்சாலை இன்னா சொல்றா?" என்று கேட்காமல் யாரும் நம்பமாட்டார்கள்.

தொண்ணூற்றாறில் நகராட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பத்துத் தறி வைத்திருந்த பலராமன் உடனே தன் மனைவி பச்சையம்மாளை நிறுத்தினார். நோட்டீசில் அவர் கைகூப்பிச் சிரித்தார். பச்சையம்மாள் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். ஜெயித்தால் நாற்காலியில் உட்காருவது யார், வாயைத் திறப்பது யார் என்பதில் பாஞ்சாலைக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குச் சந்தேகம் இல்லாத விஷயங்கள் சிலவே. அதில் இது ஒன்று.

எதிர்த்து நின்றவள் கற்பகம். மூன்று வருஷத்துக்கு முன் குடிவந்தவள், கூலிக்கு நெய்தாள். குழாயில் சாயத் தண்ணீர் கலந்து வந்தபோது அறுபது பெண்களிடம் கையெழுத்து வாங்கி, நகராட்சிக்கு நடையாய் நடந்து பைப்பை மாற்ற வைத்தவள் அவள்தான். புருஷன் பம்பாய் லைனில் லாரி ஓட்டுகிறார், எப்போதாவது வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார் என்று சொல்லியிருந்தாள்.

பலராமன் குழாயைப் பற்றிப் பேசவில்லை. புருஷனைப் பற்றிப் பேசினார். வீட்டைக் கட்டிக்காக்கத் தெரியாதவள் வார்டை எப்படிக் காப்பாள் என்று தெருவுக்குத் தெரு கேட்டார். முதலில் பாஞ்சாலைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவள் யார் என்று தெரிய வேண்டாமா?

அந்த வாரமே கற்பகத்தின் தறிக்குப் பாவு சேர்க்கப் போனாள். புழக்கடைக் கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள் அவர் வந்துவிட்டுப் போனார் என்றாள் கற்பகம். பாஞ்சாலை கை கழுவப் போகிற சாக்கில் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் வெளுத்திருந்தது, ஆனால் கழுத்துப்பட்டி புதுசாக இருந்தது. மனுஷன் போட்ட சட்டை முதலில் கழுத்தில்தான் நையும். இது கொடியிலேயே வயதான சட்டை.

பாம்பின் கால் பாம்பறியும். பாஞ்சாலையின் வீட்டிலும் அப்படி ஒரு சட்டை இருந்தது. அவள் புருஷன் சூரத்துக்குத் தறி வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம். போன இரண்டாம் வருஷமே அங்கே வேறு குடும்பம் என்று தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சட்டையை நனைத்துக் கொடியில் போட்டு, "வந்தாரு, முதல் பஸ்ஸுக்கே போயிட்டாரு" என்பாள். மகள் ஸ்வர்ணலதாவும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது மகளுக்குச் செய்யாரில் ஒரு வரன் கூடிவந்திருந்தது. பேசிவிட்டவரே பலராமன்தான். கல்யாணத்துக்கு அப்பா வருவார் என்று அந்த வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது பலராமன் வந்து நின்றார்.

"பாஞ்சாலை வீடு வீடா போறவ. அந்தம்மா புருஷன எவனாச்சும் பாத்திருக்கானா, அவளே சொல்லட்டும். புருஷன் முகத்தக் காட்டாதவ எவளா இருந்தாலும் எதையோ மறைக்கிறான்னுதான் அர்த்தம்."

உண்மையைச் சொல்லத்தான் பாஞ்சாலை வாயைத் திறந்தாள். எவளா இருந்தாலும் என்ற வார்த்தை குறுக்கே வந்து விழுந்தது. தன்னைத்தான் சொல்கிறாரோ? தெரிந்தே கேட்கிறாரோ?

"நான் பாத்தேனே. வியாழக்கெழம காலைல. பையத் தூக்கிகினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிகினு இருந்தாரு" என்றாள்.

பலராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அன்று மத்தியானமே கற்பகம் வந்தாள். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாளா, தன் வாயைக் கட்டிப்போட வந்திருக்கிறாளா என்று பாஞ்சாலை கணக்குப் போட்டாள். இரண்டும் இல்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க பாத்தீங்கக்கா அவன?"

பாஞ்சாலைக்குப் புரியவில்லை.

"என்ன உசுரோட கொளுத்த வந்தவன்க்கா அவன். குடியாத்தத்துலேர்ந்து ஓடியாந்தேன். இங்க இருக்கறது தெரிஞ்சிடுச்சா? நான் இன்னிக்கே ஊர விட்டுப் போயிடறேன்."

தான் பார்க்கவே இல்லை, சும்மா சொன்னேன் என்றாள் பாஞ்சாலை. கற்பகம் நம்பவில்லை. பாஞ்சாலை பொய் சொல்லமாட்டாள் என்று தெருவே சொல்கிறதே, தனக்காக ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அந்த இடத்தில் பாஞ்சாலையும் அதைத்தான் கேட்டிருப்பாள். கற்பகத்தின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

உள்ளறையில் ஸ்வர்ணலதா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"உன் கொடில கெடக்கறது யாரும் போடாத சட்டைன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கொடிலயும் அதான் கெடக்குது. எம் புருஷன் என்ன உட்டுட்டுப் போயி பதினோரு வருசமாச்சு. வரமாட்டான்."

ராட்டை நின்றது. மகளுக்குத் தெரியாத சங்கதி இல்லை அது. ஆனால் அம்மா வாயால் அன்றுதான் கேட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து கற்பகத்திடம் நீட்டிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செய்யாருக்கும் நீயே சொல்லிடும்மா. கட்டிகினு போன அப்புறம் நான் சொல்ற மாதிரி வெச்சுடாத."

பாஞ்சாலை மகளைத் திட்டவில்லை. அழுதாள். மூன்று நாள் யோசித்துவிட்டுச் செய்யாருக்கு பஸ் ஏறினாள். அவர்கள் காபி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசி அனுப்பினார்கள். பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை; சேதி மட்டும் பலராமன் வழியாகத் தெருவுக்கு வந்தது.

கற்பகம் முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தாள். அவள் புருஷன் எங்கே என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. பாஞ்சாலையின் புருஷன் எங்கே என்றுதான் கேட்டார்கள்.